காளி வருது

பரிசல் நல்லதா, காயாக் நல்லதா என்று கேட்டு ஒரு காலத்தில் என் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என் மச்சினன் அனுப்பி வைக்கிற ஆட்கள். அவனோடு சாஃப்ட்வேர் கம்பெனியில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, முப்பது வயதிலேயே வயிறு முன்னால் வந்துவிட்டவர்கள். "எங்க மாமாவக் கேளுங்க, ரெண்டையும் ஓட்டுனவரு" என்று சொல்லி, பெங்களூர் நீலசந்திராவில் இருக்கிற என் வீட்டுக்கு வழியும் எழுதிக் கொடுத்துவிடுவான். நானும் சொல்வேன். மீன் வேண்டுமென்றால் பரிசல். உடம்பு இளைக்க வேண்டுமென்றால் காயாக். இரண்டும் வேண்டுமென்றால் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் மீன் வாங்கி வாருங்கள். அவர்கள் சிரிப்பார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் சொல்வதற்கு எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

அதற்கெல்லாம் முன்னால் நான் ஒரு பெரிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. ஷெட்டின் கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இரும்புப் பாலமாக ஓடுகிற கிரேன். பாலத்தின் ஓரத்தில் ஒரு கூண்டு தொங்கும். செங்குத்தான ஏணியில் ஏறி அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் இடது கைக்கு ஒரு கைப்பிடி, வலது கைக்கு ஒரு கைப்பிடி. கீழே நிற்கிறவன் சைகை காட்டுவான். நான் பத்து டன் இரும்பைத் தூக்கிக் கொண்டுபோய், டீ கிளாஸை மேஜையில் வைப்பதுபோல் இறக்கி வைப்பேன். தொண்ணூற்றொன்றில் அந்த ஏணியில் முதல்முறை ஏறினேன். அதற்கு முன்னால் கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தவன்தான் நானும்.

அந்தக் கூண்டு எனக்கு என்ன என்பதை வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நீலசந்திராவில் எங்களுக்கு ஒன்றரை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் இருமினால் இந்தப் பக்கம் நான் தண்ணீர் கொடுக்கலாம் போலிருக்கும். தெருவில் சத்தம், குழாயடியில் சத்தம், பஸ்ஸில் சத்தம். கூண்டுக்குள் போய் கதவைத் தாழ் போட்டால் நான் ஒருத்தன். ஃபோர்மேன் கீழே நின்று கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ஆண்டவன் எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்த இடம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன். அதை விட்டு இறங்குவதைத் தவிர வேறு எதற்கும் நான் அவ்வளவாகப் பயந்ததில்லை.

நாற்பத்தைந்து தாண்டிய கிரேன்காரர்களை வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் பரிசோதிப்பார். சுகர், பிரஷர், கண், எடை, கை கால். எல்லாம் சரியென்றால் அட்டையில் 'ஃபிட்' என்று ஒரு முத்திரை. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகு ஒரு டிசம்பரில் என் அட்டையில் அந்த முத்திரை விழவில்லை. டாக்டர் அம்மா கன்னடக்காரர். எங்களைப் போன்ற ஆட்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர்.

"நோடி, பாருங்க, ஆறு மாசம் டைம் தர்றேன்" என்றார். "சுகர எறக்கணும். பத்து கிலோ எறக்கணும். இல்லேன்னா உங்கள கிரேன்லேர்ந்து நான் எறக்கிடுவேன். ஏணியில மயக்கம் வந்தா யாரு பதில் சொல்றது?"

"வாக்கிங் போறேன் மேடம்" என்றேன்.

போனேன். நாலு நாள். எங்கள் தெருவில் காலையில் நடப்பதென்றால் தண்ணீர்க் குடங்களைத் தாண்டி, ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டு, நாய்க்குப் பயந்து நடக்க வேண்டும். ஐந்தாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. மறுபடி போய் நின்றேன். உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை ஏதாவது பாருங்கள், சைக்கிள், படகு என்று அவர் அடுக்கினார். படகு என்றதும் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமை ஆனா நான் பரிசல்லதான் மேடம் இருப்பேன்."

"பரவால்லையே. அதுல என்ன செய்வீங்க?"

"மீன் பிடிப்பேன்."

"கை ஆடுமா?"

"மீன் மாட்டுனா ஆடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வீட்டிலேயே தினமும் பார்ப்பதால் எனக்குப் பழக்கம்தான்.

ஆனேக்கல்லைத் தாண்டி ஒரு ஏரி. அதில் மீன் விடுவதையும் பிடிப்பதையும் குத்தகைக்கு எடுத்திருந்தவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பரிசலை எனக்குக் கொடுப்பார். எனக்கு அது பரிசல், அவருக்கு அது தெப்பா. மூங்கிலைப் பின்னி, அடியில் தார் பூசிய வட்டக் கூடை. ஒற்றைத் துடுப்பு. துடுப்பை முன்னால் குத்தித் தன் பக்கம் இழுக்க வேண்டும், கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். தெரியாதவன் இழுத்தால் இருந்த இடத்திலேயே ராட்டினம் சுற்றும். மீனுக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. ஒரு இடத்தில் நிறுத்தினால் நின்றுவிடும். காலை மடக்கி, நீட்டி, எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம். சாப்பாட்டுப் பாத்திரம் ஒரு பக்கம், மீன் போடுகிற சாக்கு ஒரு பக்கம். ராகிக் களியை உருண்டை பிடித்துத் தூண்டிலில் குத்திப் போட்டால் ஜிலேபி மீன் வரும். டாக்டர் எனக்கும் ராகிக் களிதான் எழுதிக் கொடுத்திருந்தார். மீனும் நானும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டோம்.

இந்த நேரத்தில்தான் மச்சினன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தான். என் மனைவியின் தம்பி. கரூரில் படித்துவிட்டுத் தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூருக்கு வேலைக்கு வந்தவன். கொஞ்ச நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தான். பிறகு ஆபீஸ் பக்கத்தில் ரூம் எடுத்துக்கொண்டான். கம்பெனி அவனை ஒரு வருஷம் வெளிநாடு அனுப்பியது. போகும்போது ஒல்லியாகப் போனவன், வரும்போது தோளும் நெஞ்சுமாக வந்தான். பெட்டியைத் திறந்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மடித்து வைத்த ரப்பர்.

"எல்லாரும் அக்காவுக்கு சென்ட்டு பாட்டில் வாங்கிட்டு வருவாங்க. இவன் ரப்பர் வாங்கிட்டு வந்திருக்கான்" என்றாள் என் மனைவி.

"காயாக்குக்கா. காத்தடிச்சா படகு. மாமாவுக்குத்தான். அங்க எல்லாரும் இதுலதான் போறாங்க. வயிறு, தோளு, முதுகு, எல்லாத்துக்கும் எக்சர்சைஸ்."

அங்கேயே காற்றடித்துக் காட்டினான். படகு நீண்டுகொண்டே போய், மூக்கு சமையலறையில் நுழைந்து மாவுத் தூக்கைத் தள்ளிவிட்டது. வால் வாசலுக்கு வெளியே தெருவில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன சார் விசேஷம் என்று கேட்டார். அதை நகர்த்தவும் முடியாமல் தாண்டவும் முடியாமல், காற்றை இறக்கும் வரை நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. காயாக் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவனுடைய சின்னக் காரில் ஏரிக்குப் போவோம். முதல் இரண்டு மணி நேரம் காயாக் எனக்கு. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டு வைத்த துடுப்பை இடம் வலம் இடம் வலம் என்று போட வேண்டும். பரிசலில் கை மட்டும்தான் வேலை செய்யும். இதில் வயிறு திரும்பும், முதுகு திரும்பும், பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும். முதல் நாள் கரைக்கு வந்து இறங்க முடியாமல் அப்படியே தண்ணீரில் உருண்டு இறங்கினேன். குத்தகைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதன் பிறகு வார நாட்களிலும் ஷிஃப்டைப் பொறுத்து ஒருநாள் தனியாகப் போய்வர ஆரம்பித்தேன். இரண்டு பஸ் மாறி, கால்கடுக்க நின்று, அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. வேண்டாம் என்று தோன்றும்போதெல்லாம் கூண்டை நினைத்துக்கொள்வேன்.

மீன் பிடிக்க மட்டும் அது லாயக்கில்லை. சாக்கு வைக்க இடமில்லை. தூண்டிலை எடுத்தால் துடுப்பு நழுவும், துடுப்பை எடுத்தால் தூண்டில் நழுவும். ஒருமுறை கெளுத்தி மாட்டியது. அதன் முள் ரப்பரில் குத்தினால் நம் கதி என்ன என்று மச்சினன் அலறிய அலறலில் கெளுத்தியே தப்பித்து ஓடிவிட்டது. எல்லாவற்றையும்விட, அது வெயிட்டே இல்லாத படகு. ஆள் இறங்கிவிட்டால் சின்னக் காற்று போதும், கிளம்பிவிடும். அதனால் ஒரு ஒப்பந்தம். காலையில் காயாக் எனக்கு, பரிசல் சும்மா கிடக்கும். எட்டு மணிக்கு மேல் நான் பரிசலில் மீனுக்கு, அவன் காயாக்கில் ஏரியைச் சுற்ற. மே மாதக் கடைசிக்குள் எட்டு கிலோ இறங்கியிருந்தேன். கால்சட்டைக்குப் புதிதாக ஓட்டை போட்டு பெல்ட் கட்டினேன். ஏணியில் ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவது நின்றுபோனது. டாக்டர் அம்மா சொன்ன ஆறு மாசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இங்கே எங்கள் வீட்டுத் தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிறவர்கள். எது தமிழ், எது கன்னடம் என்று எங்களுக்கே தெரியாது. கன்னடத்தில் காற்றுக்குக் 'காளி' என்று பெயர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "காளி ஜாஸ்தி இருக்கு, ஜன்னல சாத்து" என்போம். என் மனைவி கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் என் அக்கா உள்ளேயிருந்து, "காளி வருது, கதவப் பாரு" என்று சொல்லியிருக்கிறாள். கரூர்ப் பெண் என்ன செய்வாள்? கதவை விரியத் திறந்து வைத்து, விளக்கேற்றி, தட்டில் சூடம் வைத்துக்கொண்டு வாசலில் பக்தியாக நின்றாள். புழுதிக் காற்று உள்ளே புகுந்து விளக்கை அணைத்தது, கொடியில் கிடந்த துணியெல்லாம் தெருவுக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாவம், அவளுக்கு மானம் போய்விட்டது. "எங்க வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க" என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. அவள் தம்பிக்கும் அது தெரியாது. அவன் எங்களோடு இருந்த நாட்களிலும் அந்த வார்த்தையை அவள் வீட்டில் புழங்கவிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கிளம்பியிருக்க வேண்டும். அவன் கிளம்பலாம் மாமா என்றுதான் சொன்னான். மீன் வாரி வாரி விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பேராசை. இன்னும் ஒரு மணி நேரம், நீ ஒரு சுற்று போய்விட்டு வா என்று அனுப்பினேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. மிதக்கிற சட்டை ஒன்று வைத்திருந்தான், வேர்க்கிறது என்று அதைக் கழற்றிக் காரில் போட்டிருந்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்.

நான் ஏரியின் நடுவில் இருந்தேன். அவன் எதிர்க்கரை ஓரமாக, தைலமரத் தோப்பு இருக்கிற பக்கம் போய்விட்டான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். திடீரென்று குத்தகைக்காரர் ஏரிக்கரையில் நின்று விசிலடித்தார். "அண்ணா, காளி பர்த்தா இதெ!" என்று மேற்கே கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். தோப்புக்குப் பின்னால் வானம் கறுத்து, செம்மண் புழுதி சுவராக எழும்பிக்கொண்டிருந்தது. மே மாதத்துக் காற்று. பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

பரிசலில் எழுந்து நிற்கக்கூடாது. நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"காளி வருது! காளி வருது!"

அவன் துடுப்பை மடியில் வைத்தான். என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி ஒரு கும்பிடு போட்டான். சரி மாமா, புரிந்தது, இதோ வருகிறேன் என்று சொல்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். நிம்மதியாக உட்கார்ந்து தூண்டிலைச் சுற்ற ஆரம்பித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காற்று வந்தது. முதலில் புழுதி, பிறகு பட்டாணி பட்டாணியாக மழை. கண்ணைத் திறக்க முடியவில்லை. பரிசல் சுழன்றது. சேர்த்து வைத்த மீன் சாக்கு ஒரு ஆட்டத்தில் தண்ணீருக்குள் போனது. போய்த் தொலையட்டும் என்று நிமிர்ந்தால், மழைக்கு நடுவில் ஆரஞ்சு நிறம் என்னை நோக்கி வந்தது. அப்பாடா, வந்துவிட்டான் என்று கையை நீட்டினேன். படகு என் பக்கத்தில் வந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் குதித்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனது. உள்ளே ஆள் இல்லை.

எனக்கு என் மனைவியின் முகம்தான் முதலில் வந்தது. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. அவளிடம் போய் நான் என்ன சொல்வேன்? மீன் நன்றாக விழுந்தது, அதனால் உன் தம்பியை அனுப்பினேன் என்றா? சாமி, சாமி என்று வாய் தானாகச் சொல்லியது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

காற்று தோப்பிலிருந்து என் பக்கம் அடித்தது. நான் போக வேண்டியதோ தோப்பின் பக்கம். வட்டப் பரிசலைக் காற்றுக்கு எதிராக ஓட்டுவதைப் போல ஒரு பாழாய்ப்போன வேலை உலகத்தில் கிடையாது. இரண்டு முழம் போனால் ஒரு முழம் பின்னால் தள்ளும். இழுப்பதை நிறுத்தினால் திரும்பிக்கொள்ளும். காயாக் இருந்திருந்தால் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் அது ஏரியின் அந்தக் கோடிக்குப் பறந்துபோயிருந்தது. முட்டி போட்டுக்கொண்டு இழுத்தேன். நான் நொட்டாங்கைக்காரன். பாரமெல்லாம் இடது தோளில். இழுக்க இழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாதித் தூரத்தில் இடது தோளுக்குள் பழைய வேட்டி கிழிவது மாதிரி ஒரு சத்தம். சத்தியமாகச் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு மறுபடி இழுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன், ஒரு தலை தெரியுமா, ஒரு சட்டை தெரியுமா என்று.

கரை வந்துவிட்டது. தைலமரத்துக்குக் கீழே ஒரு சின்ன அம்மன் கோவில், ஆள் உயரம்கூட இல்லாத கல் மேடை, முன்னால் ஒரு சூலம். அதன் பக்கத்தில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். காலில் செருப்புகூடக் கழன்றிருக்கவில்லை.

"மாமா! போட்டு பறந்துடுச்சு மாமா! புடிச்சீங்களா?" என்றான்.

நான் துடுப்பைப் பரிசலுக்குள் போட்டேன்.

"நீங்க காளி வருது, காளி வருதுன்னு கத்துனீங்களா, பாத்தா இங்க கோவிலு. ஊர்வலம் வருதாட்டருக்குன்னு நெனச்சு எறங்கி வந்தேன். எங்க ஊர்ல இந்த மாசம் அம்மன் வரும் பாருங்க. பத்து நிமிஷமா நிக்கறேன், ஒருத்தரையும் காணோம். திடீர்னு காத்து அடிச்சுது. திரும்பிப் பாத்தா போட்டக் காணோம்."

அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் என்று இடது கையைத் தூக்கினேன். கை தோள் மட்டத்துக்கே வரவில்லை. அவன் நான் கை கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, அதைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். வலியில் உயிர் போயிற்று. அந்தச் சூலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். மழையில் அவனுக்குத் தெரியவில்லை.

காளி என்றால் காற்று என்று வழியில் அவனுக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவன் அக்காவிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "அவ காப்பாத்திட்டா" என்றாள் மெதுவாக. உண்மைதான். நான் சொன்னது புரிந்திருந்தால் அவன் திரும்பி வர முயன்று ஏரியின் நடுவில் அந்தக் காற்றில் மாட்டியிருப்பான். புரியாததால் கரையில் நின்றான். காளி அவனைக் காப்பாற்றினாள். என்னைப் பற்றி அவளுக்கு அப்போது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மூன்று வாரம் தோளுக்கு என்னென்னவோ செய்தேன். எண்ணெய் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், கட்டு கட்டுகிற இடத்துக்குப் போய்ப் பச்சிலைக் கட்டு கட்டிக்கொண்டேன். ஏணியில் வலது கையாலேயே பிடித்து ஏறி, கூண்டில் இடது கைப்பிடியைத் தள்ளும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். பரிசோதனை நாள் வந்தது. டாக்டர் அம்மாவின் முகம் அட்டையைப் பார்க்கப் பார்க்க மலர்ந்தது. சுகர் இறங்கியிருந்தது. பிரஷர் சரி. எடை, அவர் கேட்டதற்கு ஒரு கிலோதான் பாக்கி. "சபாஷ்! நான் நெனைக்கவே இல்ல" என்றார். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

"ரெண்டு கையும் மேல தூக்குங்க."

வலது கை போயிற்று. இடது கை நெஞ்சு வரை வந்து நின்றது. உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, தோளைக் குலுக்கி, இன்னும் கொஞ்சம் ஏற்றப் பார்த்தேன். நெற்றியில் வேர்த்தது. அவர் முத்திரையைக் கீழே வைத்தார்.

"ஏனாயித்து?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கக்கூடத் தமிழ் வரவில்லை அவருக்கு.

எக்சர்சைஸ் பண்ணினேன் மேடம் என்றேன்.

எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். உள்ளே தசை நார் அறுந்திருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, சுகர் வேறு இருக்கிறது என்றார் அவர். பயிற்சி கொடுத்தார்கள். சோறு உண்ணும் அளவுக்குக் கை வந்தது. ஏணியை இரண்டு கையாலும் பிடித்து ஏறும் அளவுக்கு வரவில்லை. டாக்டர் அம்மா இன்னொரு மூன்று மாசம் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் அவர்தான் என்ன செய்வார்? என்னைக் கீழே இறக்கி, கருவிகள் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். வருகிறவன் டோக்கனைக் கொடுப்பான், நான் ஸ்பேனரைக் கொடுப்பேன். ஸ்பேனரைக் கொடுப்பான், டோக்கனைக் கொடுப்பேன். என் தலைக்கு மேலே கிரேன் போய்வந்துகொண்டிருக்கும். புதிதாக ஏறியவன் கை சுத்தமில்லாதவன், வெடுக் வெடுக்கென்று இழுப்பான். நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். உட்கார்ந்தே இருந்ததில் இறங்கிய கிலோவெல்லாம் ஒன்றொன்றாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

மச்சினனிடம் சொல்லவில்லை. சீனியாரிட்டி ஆயிடுச்சு, கீழே சும்மா உட்காரச் சொல்லிட்டாங்க, நிம்மதி என்றேன். "சூப்பர் மாமா, ஜாலிதான்" என்றான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சொல்லி என்ன ஆகப்போகிறது, அவன் ஒருத்தன் மனசில் அதைத் தூக்கிக்கொண்டு திரிவான், அவ்வளவுதானே. என் மனைவி சொல்லிவிடட்டுமா என்று இரண்டு முறை கேட்டாள். வேண்டாம் என்றேன். கல்யாணமான முதல் வாரத்துக் கதையை அன்றைக்கே ஊருக்குச் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவள் ஒருநாள் அழுதாள். பேஜாராக இருந்தது. போடி, நான்தானே கத்தினேன், காற்று என்று கத்தியிருக்கலாமே என்றேன். அதுதான் உண்மையும்கூட. தமிழில் காற்றுக்குக் காற்று என்றே ஒரு வார்த்தை இருக்கிறது. அது எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மச்சினன் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்தான். ஹாலில் பாய் விரித்துச் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். அவனுடைய ஆபீஸ் நண்பர்கள், அவன் மனைவி, கரூரிலிருந்து வந்த சொந்தங்கள். யாரோ படகைப் பற்றிக் கேட்டார்கள். அவன் எழுந்து நின்று காளி கதையைச் சொல்ல ஆரம்பித்தான். நன்றாகத்தான் சொல்வான். பரிசல் ராட்டினம் சுற்றுவதை ஆடிக் காட்டினான். கோவில் முன்னால் பத்து நிமிஷம் கும்பிட்டுக்கொண்டு நின்றதைச் செய்து காட்டினான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். எத்தனையோ முறை சிரித்துப் பழகிய சிரிப்பு.

"நான் சொன்னா நல்லால்ல. மாமா, நீங்களே செஞ்சு காட்டுங்க. எந்திரிங்க மாமா! எப்படிக் கத்துனீங்க?" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். வலது கையைத் தூக்கினேன். "காளி வருது" என்றேன்.

"ரெண்டு கையும் மாமா! அன்னைக்கு ரெண்டு கையவும்தான தூக்குனீங்க?"

வெற்றிலைத் தட்டோடு வந்த என் மனைவி நடு ஹாலில் நின்றாள். நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அன்னைக்குத் தூக்குனதுதான்டா கடைசி" என்றாள் தம்பியிடம். "எதுக்கு அவரு கிரேன விட்டு எறங்குனாருன்னு நெனச்ச?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மச்சினன் என் இடது கையைப் பார்த்தான். அது தொடைப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய இரண்டு கைகளும் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தன.